பி-1: குடம் ஒன்று, காலி

தபாலில் வந்த தீர்ப்புத் தொகுதி
ஒன்றரைக் கிலோ.
கையெழுத்து வாங்கியபடி தபால்காரன் கேட்டான்:
"என்ன சேர், செங்கல்லா?"

அனுப்பியவர் ஏ. சி. மௌஜூத்.
கம்பளையில் பிறந்து
பண்டாரவளையில் மூன்று வருடம் நீதவானாயிருந்து
பிறகு லண்டன், ஜெனீவா, பல்கலைக்கழகங்கள்,
முடிவில்
நாடுகள் நாடுகளை வழக்குக்கு இழுக்கும் மண்டபத்தில்
பதின்மூவரில் ஒருவராய் உட்கார்ந்தவர்.
நான் அவருடைய பழைய கோர்ட்டு மொழிபெயர்ப்பாளன்.
முப்பத்தொரு வருடச் சேவை,
ஒரு குடை, ஒரு பென்ஷன்.

அறுபத்தேழு, ஐப்பசி.
மூடுபனி ஜன்னலால் வந்து
முன்வாங்கில் உட்கார்ந்திருந்தது.
நடுக்கணக்குத் தோட்டத்து ஒச்சாயி
குடத்தோடு கூண்டில் ஏறினாள்.
மேல்மலை மரக்கறித் தோட்டக்காரர்
ஊற்றின் வாயிலேயே குழாயைச் செருகி
அத்தனையையும் கோவாவுக்குப் பாய்ச்சிவிட்டார்.
கீழே நாற்பது காம்பராவுக்கு ஒரே பீலி.
அதில் இப்போது குளவி கூடு கட்டுகிறது.

அவள் தமிழில் சொன்னாள்.
நான் தமிழன்.
நீதவானுக்கும் தாய்மொழி தமிழ்தான்.
பதிவேட்டுக்கு மட்டும் தமிழ் தெரியாது.
ஆகவே நான் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கும்வரை
விளங்காதவர்போல்
பேனை மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல இருக்கவரு குடிக்கட்டும் தொரை, வேணாங்கல.
ஆனா குடிச்சிட்டு அனுப்பட்டும்."

நான் சொன்னேன்:
நீரோட்டம் தடுக்கப்பட்டதாக மனுதாரர் முறையிடுகிறார்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.
காணி உறுதி இருக்கிறதா?
இல்லை.
பிரஜாவுரிமை?
அதைக் கேட்கவேண்டிய தேவையே இல்லை. கேட்டார்.
ஒச்சாயி திரும்பி என்னைப் பார்த்தாள்,
அது என் சட்டைப்பையில் இருப்பதுபோல.

காணியில் உரித்தில்லை,
வழக்காடத் தகுதியில்லை,
மனு தள்ளுபடி.
தேநீருக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

சான்றுப் பொருள் பட்டியலில் எழுதினேன்:
பி-1. குடம் ஒன்று. அலுமினியம். காலி.
அதைத் திருப்பியெடுக்க மனுப் போடவேண்டுமென்று
யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.
நானும்தான்.
பிறகொரு நாள் தலைமன்னார்க் கோச்சியில்
பெட்டி படுக்கையோடு போய்விட்டாளாம்.
கோத்தகிரி என்றார்கள். கூடலூர் என்றும்.

தொகுதியைத் திறந்தேன்.
ஒரே ஆறு, இரண்டு நாடு.
மேலே அணை, கீழே வெடித்த வயல்.
அணைக்குச் சாதகமாகப் பதினொருவர்.
மாறுபட்ட இருவரில் இவர் ஒருவர்,
நூற்றுப் பதினான்கு பக்கம்.
ரோமர் சட்டம்,
ஷரீஅத்தில் தாகத்தின் உரிமை,
அநுராதபுரத்துக் குளங்களின் மடைமுறை,
இடையிடையே எனக்கு எட்டாத லத்தீன்.

அடிக்குறிப்பு எண்பத்தெட்டுக்குப்
பூதக்கண்ணாடி தேவைப்பட்டது.
"பண்டாரவளை, 1967. பதிவாகாத வழக்கு.
தீர்ப்புப் பிழை. எழுதியவன் நான்."
அதன் கீழே
ஒச்சாயியின் இரண்டு வரி,
ஆங்கில எழுத்தில், தமிழாகவே.
மொழிபெயர்ப்பு இல்லை.
"தொரை"யைக்கூட விடவில்லை மனுஷன்.

ஆறாயிரம் மைல் தள்ளிப் போய்
எறும்பெழுத்தில் ஒப்புக்கொள்வது
நேர்மையா, சௌகரியமா?
தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.
அணை நிற்கிறதாம்.
மேல்மலையில் இப்போது கோவா இல்லை,
ஹோட்டல். ஒவ்வொரு அறையிலும் சுடுதண்ணீர்.

இரவு பழைய குறிப்புப் புத்தகத்தைத் தேடியெடுத்தேன்.
என் கையெழுத்தில் எல்லாம் இருந்தது:
மனுதாரர், நீரோட்டம், தடை, முறைப்பாடு.
"ஆனா" மட்டும் இல்லை.
மூன்று எழுத்துக்கூட இல்லாத சொல்,
கைதவறிப் போட்டுவிட்டேன்.
அதைத்தான் பொறுக்கியிருக்கிறார்,
நூற்றுப் பதினான்கு பக்கம் குனிந்து.

எண்பத்திரண்டில் கோர்ட்டுக் களஞ்சியத்தை ஒழித்தபோது
கையொப்பமிட்டு நான் எடுத்துவந்த பி-1
கதவோரம் நிற்கிறது, குடை தாங்கியாக.

விடியற்காலை நாலு மணிக்கு
நகரசபைக் குழாய் இருமியது.
எழுந்து போய்
குடையை எடுத்து வெளியே வைத்தேன்.